சம்மாட்டி அக்காவின் ஜெர்மன் கார்

யாழ்ப்பாணத்தில் ஒருவரையும் நம்பாதவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினால், சம்மாட்டி அக்காவைத்தான் தலைவியாகப் போட வேண்டும். ஆனால் அவர் சேரமாட்டார். சந்தாக் காசு யாருடைய கையில் இருக்கும் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

குருநகரில் மூன்று மீன்பிடி வள்ளங்களுக்குச் சொந்தக்காரி. அதனால் அந்தப் பெயர். நான் மானிப்பாயில் ஒரு கராஜில் பில் எழுதிக்கொண்டிருந்தபோது, வெளிநாடு போகவிருந்த கொழும்பு டொக்டர் ஒருவரிடம் பதினெட்டு வருடப் பழைய ஜெர்மன் காரை வாங்கிவந்தார். வாங்கும்போது மலிவு. அதன் பிறகு அந்தக் காரில் மலிவாக ஒன்றுமே நடக்கவில்லை. கண்ணாடி இறங்கினால் ஏறாது. ஏறினால் கதவு திறக்காது. விற்றுவிடச் சொன்னால், வாங்குகிறவன் எப்படிப்பட்டவனோ என்பார்.

கார் கராஜுக்குள் வந்தால், மெக்கானிக் ராசன் அண்ணையின் முழங்கை இடிக்கிற தூரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். கழற்றுகிற ஒவ்வொரு சாமானிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு சிலுவை போடுவார். பழுதாய்ப்போனவற்றை மீன்கூடையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஒரு ஞாயிறு, அக்கா தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து பார்த்தால் கார் பின்பக்கம் குந்திக்கொண்டு நின்றது. காரைத் தூக்கிப் பிடிக்கிற காற்றுப் பம்ப் போய்விட்டது. மறுநாள் கராஜில் புதுப் பம்ப்பின் விலையைச் சொன்னேன். அந்தக் காசுக்கு வள்ளத்துக்கு எஞ்சினே வாங்கலாம் என்று சொல்லி, உடுவிலில் இன்னொரு கராஜுக்குப் போனார். அங்கே இன்னும் நாலு சாமான் மாற்றவேண்டும் என்றார்களாம். பின்னேரமே திரும்பி வந்தார்.

“அவன் கள்ளன். நீங்களும் கள்ளர்தான். ஆனா உங்கடை களவு மலிவு. போடுங்கோ.”

கொழும்பில் ஒரு கடையைத் தேடிப்பிடித்தேன். பழைய பம்ப்பை முதலில் அனுப்பினால் விலையில் கழிப்பார்களாம். அது பஸ் ஏறியபோது, பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிற தாயைப் போல அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தாம் நாள் புதுப் பம்ப் வந்தது. கன்னங்கறுப்பாக மினுங்கியது. அக்கா அதை மோந்து பார்த்தார். பெற்றோல் நனைத்த துணியால் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். கறுப்பு கரைந்தது. உள்ளே சிவப்புச் சிலுவை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடர் கொடுத்தவன் நான். கடைக்காரனோடு எனக்குப் பங்கு இருக்கும் என்று நினைத்த முதலாளி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அக்கா முதலாளியிடம் ஆறுதலாகச் சொன்னார்: “உவனை விடுங்கோ. நாலு வருசமா உவனிலை ஒரு கண் வைச்சிருக்கிறன். களவெடுக்கிற அளவுக்கு மூளை இல்லை.”

என் வேலை தப்பியது. பிறகு அக்கா கொழும்புக் கடைக்காரனோடு தொலைபேசியில் கதைத்தார். அதைப் பத்திரிகையில் எழுத முடியாது. மூன்றாம் நாள், மெய்யாகவே புதிய பம்ப் ஒன்று மேலதிகக் காசில்லாமல் வந்து சேர்ந்தது.

போன வருடம் எனக்குக் குடல்வால் வெட்டினார்கள். மயக்கம் தெளிந்தபோது அக்கா பக்கத்தில் நின்றார். ஊசி போட வந்த தாதியிடம் பெயர் கேட்டார், மருந்தின் பெயர் கேட்டார், அதை எழுதிய டொக்டரின் பெயரும் கேட்டார். பாவம், அந்தப் பிள்ளை பொறுமையாகப் பதில் சொன்னது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், எனக்காக ஊரையே சந்தேகப்பட ஓர் ஆள் நிற்கிறது என்ற தெம்பில் கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.