மாலையில்லாத நாடு

கடலும் மலையும் கைவிட்ட ஒரு மணல்வெளியில் நெடுவெயில் என்றொரு நாடு இருந்தது. குற்றம் செய்தவர் சிறுவரா, பெரியவரா என்பதை அங்கே நிழலை அளந்து முடிவு செய்தார்கள். நிழல் ஒரு கோலுக்குள் இருந்தால் சீர்திருத்த இல்லம், மிஞ்சினால் கல்சிறை. அலுவலர்கள் உண்டு உறங்கி எழுந்து வர மாலையாகிவிடும். அதனால் அளப்பதும் மாலையில்தான்.

முப்பத்தொரு வருடம் இல்லத்தை நடத்திய வடிவாம்பாளிடம் கடைசியில் ஒரே பிள்ளைதான் மிஞ்சியது. ஒன்பது வயது செவந்தி. அரண்மனைக் கொய்யாவைப் பறித்துத் தின்றவள்.

"பால்பல்லே இன்னும் முழுசா விழலைங்க ஐயா. பாத்தா தெரியலையா?" என்றாள் வடிவாம்பாள்.

அளவு அதிகாரி அளகேசர் கோலை நிமிர்த்தினார். "கண்ணால் பார்ப்பது அபிப்பிராயம். கோலால் பார்ப்பதே சட்டம். ஏழு கோல். இவர் பெரியவர்."

"அம்மா, என்னைப் போயி 'இவரு'ங்கறாரு!" என்று சிரித்தாள் செவந்தி.

வடிவாம்பாள் மனு கொடுத்தாள். சீர்திருத்தக் குழு கூடியது. பிள்ளைகள் குனிந்து நின்று நிழலை ஏமாற்றுவதாகக் கண்டறிந்தது. இனி கைகளை உயரத் தூக்கியே நிற்க வேண்டும் என்று ஆணை வந்தது. செவந்தி பத்துக் கோல் ஆனாள்.

இல்லம் காலி, ஆகவே நாட்டில் சிறார் குற்றமே இல்லை என்று அரசர் மகிழ்ந்து வடிவாம்பாளுக்கு விருது அறிவித்தார். விழா உச்சிவேளையில். அரசர் வேறு நேரத்தில் வெளியே வந்ததே இல்லை. நிழல் காலடியை விட்டு நகராதவரை அவர் சட்டப்படி சிறுவர். எந்த வழக்கும் அவர்மேல் நிற்காது.

மேடையருகே சிறைவண்டியில் செவந்தி. விழா முடிந்ததும் வண்டி புறப்படும். விருது பெற்றவர் நன்றி சொல்லி முடிக்கும்வரை யாரும் அசையக்கூடாது என்பது அந்நாட்டு மரபு.

வடிவாம்பாள் தான் வளர்த்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.

"சுருக்கா முடிங்கம்மா," என்று அளகேசர் பல்லைக் கடித்தார்.

"இன்னும் ஆயிரம் பிள்ளைங்க இருக்குங்க ஐயா."

வெயில் சாய்ந்தது. அரசரின் காலடியிலிருந்து கறுப்பாக ஒன்று கசிந்து, படியிறங்கி, மணலில் ஊர்ந்து, வண்டிச் சக்கரத்தைத் தொட்டது. அளகேசர் பழக்கதோஷத்தில் குனிந்து அளந்துவிட்டார்.

"பதினொரு..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அரசர் மெல்லச் சொன்னார். "எழுதும். இந்த நாட்டில் மாலை கிடையாது. எந்நேரமும் நடுப்பகலே."

நடுப்பகலில் செவந்தி சிறுமி. வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வடிவாம்பாள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நடுப்பகலில் விளக்கு எதற்கு என்று மறுநாள் விளக்குகளைப் பறித்தார்கள். கும்மிருட்டில் எதிர்ப்பட்டவர்கள், "என்னா வெயிலு!" என்று சொல்லி வறண்ட நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

அரசரே நீடிக்கலாமா என்று ஊரைக் கேட்கும் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி பொழுது சாய்ந்த பிறகுதான் திறந்தது. செவந்தியின் கையைப் பிடித்து இருட்டில் தடவித் தடவிப் போனாள் அறுபது வயது வடிவாம்பாள். பின்னால் ஊர் முழுவதும் வரிசையாக நின்றது. ஊன்றுகோல்களின் சத்தம் மட்டும் கேட்டது.

வடிவாம்பாளின் காலடி மண்ணில் அளகேசரின் கோல் ஊர்ந்தது. நிழல் தட்டுப்படவில்லை.

"ஓட்டு பெரியவங்களுக்கு மட்டுந்தான்," என்றது அவர் குரல், மிகக் கனிவாக. "நீ வீட்டுக்குப் போயி விளையாடு, பாப்பா."