ஆயிரத்துப் பதினேழாம் எண்ணுக்கு உரியவர்

அன்புள்ள தம்பிக்கு, அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் பழைய ஃபேனும் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டாரும் சத்தமில்லாமல் ஓட வேண்டுகிறேன்.

உன் அண்ணன் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட அதே வரைபட ஆபீசில் எனக்குத் துப்புரவு வேலை போட்டுக் கொடுத்தது உனக்குத் தெரியும். அங்கே நடந்த கூத்துதான் தெரியாது. எல்லோருடைய ஃபைலும் குளிர் அறையில் இருக்கும் பெரிய யூனிக்ஸ் மெஷினில்தான் கிடக்கும். எந்த மேசையில் உட்கார்ந்து பேரைத் தட்டினாலும் அவரவர் சாமான் அவரவர் முன்னால் வந்து நிற்கும். வாடகை வீடு மாறினாலும் பாத்திரம் பண்டம் தானாகவே பின்னால் நடந்து வருகிற மாதிரி. கழிவறை கழுவியாச்சு என்று தினமும் கம்ப்யூட்டரில் பதிய வேண்டுமாம், அதனால் என்னையும் பெயர்ப் பட்டியலில் சேர்த்தார்கள். நான் முதல் நாள் பேரைத் தட்டினேன். வந்தது என் சாமான் இல்லை தம்பி, அவருடையது. நான் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற போட்டோ திரை முழுக்க. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதபோது கால் பட்டு வாளி சாய்ந்தது, தண்ணீர் வயர் பக்கம் ஓடியது, கணக்கர் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

விஷயம் என்னவென்றால், அந்த மெஷினுக்குப் பேர் தெரியாதாம், எண்தான் தெரியுமாம். உன் அண்ணன் எண் ஆயிரத்துப் பதினேழு. அவர் பேரை நீக்கிவிட்டு, காலியான அந்த எண்ணை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஃபைல் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் என்ற இடத்தில் என் பேர் ஏறிவிட்டது. மறுநாள் கண்ணாடிக்காரி, அதாவது உன் அண்ணன் இடத்துக்கு வந்திருக்கும் பெண், விடுப்பு; இருந்திருந்தால் அவளே திறந்து கொடுத்திருப்பாள். ஒரு பழைய வரைபடத்தைத் திருத்த வேண்டுமாம், மெஷின் உரிமையாளரின் அனுமதி கேட்கிறதாம். மூன்று இன்ஜினியர்கள் கழிவறை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். "அக்கா, கொஞ்சம் அனுமதி குடுங்கக்கா." "தரை காயட்டும், மிதிக்காம நில்லுங்க" என்றேன். நாலாவதாக மேலாளரும் வந்து ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உன் அண்ணன் இருபத்திரண்டு வருஷத்தில் பார்க்காத மரியாதையை நான் ரெண்டு நாளில் பார்த்துவிட்டேன்.

இனிமேல்தான் கவலை. வருகிற சனிக்கிழமை புது ஏற்பாடு வருகிறது. "இனி ஃபைல் பரிமாற்றம் எல்லாம் பேரை வச்சுத்தான்கா, எண்ணை வச்சு இல்ல. எல்லா மெஷினுக்கும் ஒரே பட்டியல். உங்களுக்கும் புது எண் வந்துரும்" என்றாள் கண்ணாடிக்காரி. "அப்ப அவரோட பழசெல்லாம்?" என்றேன். பழைய எண்ணுக்குப் பேர் இருக்காதாம். பேர் இல்லாத ஃபைலுக்கு உரிமையாளர் 'யாருமில்லை' என்று மெஷினே போட்டுக்கொள்ளுமாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்களாம். நானும் மகளும் நீயும் இருக்கும்போது அவர் எப்படித் தம்பி யாருமில்லாதவர் ஆவார்?

அதனால் நீ வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்துக் கொடு. நான் எதையும் திறக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், அடுத்தவர் எழுதி வைத்ததைப் பார்க்க மனசும் வரவில்லை. நீதான் படித்துச் சொல்ல வேண்டும். உன் வாயில் பொய் வராது. அவர் போன மறுவாரம், அவருடைய செஸ் பலகை எனக்குத்தான் சேரும், கம்ப்யூட்டர் வழியாக ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தாரோ அவருக்கே பலகை என்று அண்ணனோடு பந்தயம், நான்தான் முன்னால் இருக்கிறேன் என்றாய். ஒரு வார்த்தை கேட்டேனா? துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். சின்னவனுக்கு இருமல் நின்றதா? அனைவரும் நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போன என்னைக் கண்ணாடிக்காரி வாசலிலேயே பிடித்து விஷயத்தைக் கேட்டாள். "இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?" என்று உள்ளே கூட்டிப் போய்க் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி தட்டினாள். எண் மாறினாலும் எல்லாம் இனி என் பேரிலேயே இருக்குமாம். ஹார்ட் டிஸ்க் வேண்டாம். அவளே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஃபைலைப் படித்தும் காட்டினாள். நீங்கள் இருவரும் ஆடிய ஆட்டம் எல்லாம் அவர் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் ஜெயித்தது ஐம்பத்தெட்டு, நீ மூன்று. அந்த மூன்றிலும் இரண்டுக்குப் பக்கத்தில் 'தம்பிக்குப் பிறந்தநாள்' என்று எழுதியிருக்கிறது. படித்துவிட்டு எட்டு மாதத்தில் முதல் தடவையாக வயிறு வலிக்கச் சிரித்தேன். பலகையை எடுத்துக்கொண்டு வா. கடைசி ஆட்டம் பாதியில் நிற்கிறது, நகர்த்த வேண்டியது நீதான். எதிரில் யார் உட்காருவது என்று கேட்பாய். கண்ணாடிக்காரி எனக்குக் குதிரை வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.