தையற்காரர் வயிற்றில் குடிவந்தவர்கள்

குழாய் தன் உடம்புக்குள் போகவே கூடாது என்று தையற்காரர் முடிவு கட்டிவிட்டார். அண்ணனைக் குடல் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. தம்பியான இவரும் ஒருமுறை குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாய் ஒன்றரை மீட்டருக்கும் மேல் என்று கேட்டதும் இவருக்கு வியர்த்துவிட்டது. அந்த அளவில் ஓர் அரைக்கைச் சட்டையே தைத்துவிடலாமே!

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் ஆகாது. புழு வளர்க்கப்போறேன்."

"எதுல?"

"வயித்துல."

வாடிக்கைக்காரர் ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் படித்தது. சில புழுக்கள் குடலில் நல்ல பாக்டீரியாவைப் பெருக்கிப் புற்றுநோயை ஒருவேளை தடுக்கலாமோ என்று எலிகளை வைத்துப் பார்க்கிறார்களாம். அந்த 'ஒருவேளை'யை மட்டும் இவர் தையல் பிரிப்பதுபோல் நாசூக்காகப் பிரித்து எடுத்துவிட்டார்.

"எலியோட பொண்டாட்டி சம்மதிச்சாளா?"

இவர் நேரே எதிர்வீட்டுக்குப் போய்ப் புழு கேட்டார். அங்கே இருந்தவர் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். முதலில் விரட்டிய அவர், மறுநாள் என்ன நினைத்தாரோ, தாமே கூப்பிட்டு, புழு முட்டை என்று ஒரு குப்பியை நீட்டினார். தையற்காரர் கண்ணை மூடிக் குடித்தார்.

அன்றுமுதல் அவர் இந்த உலகத்தில் இல்லை. மெஷின் ஓடும், மனம் வயிற்றுக்குள் நடக்கும். வெதுவெதுப்பான நீண்ட தெரு. பூத்தையல் நூல்போல் மெல்லிய புழுக்கள் வாசல் பெருக்குகின்றன. பாக்டீரியாக் குழந்தைகள் வரிசையாகப் பள்ளிக்கூடம் போகின்றன. வயிறு கடமுடவென்றால் எல்லாரும் ஓடி விளையாடுகிறார்கள் என்று அர்த்தம். கனவு கலையாமல் ஒருவருடைய கால்சட்டைக்குக் கை வைத்துத் தைத்தும்விட்டார்.

"மூக்குப்பொடி போடாதீங்க, அவங்களுக்குத் தும்மல் வரும்" என்றாள் மனைவி. டப்பியைத் தூக்கி எறிந்தார்.

ஒருநாள் அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, வந்தவங்க சௌகரியமா இருக்காங்களா?"

"எப்படித் தெரியும்?"

"அந்தக் குழாய் நுனியில கேமரா இருக்காமே. எட்டிப் பார்த்துட்டா ஆச்சு."

அவரே டாக்டரிடம் ஓடிப்போய் நாள் குறித்து வந்தார். முந்தின நாள், குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த பேதி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

"இதைக் குடிச்சா எல்லாரையும் அடிச்சுட்டுப் போயிடுமே!"

"கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

வயிற்றில் கை வைத்து அப்படியே சொன்னார்.

மயக்கம் தெளிந்தபோது டாக்டர் எதிரே நின்றார். "சின்னதா ஒரு கட்டி இருந்தது, எடுத்தாச்சு. விட்டிருந்தா வம்பாயிருக்கும். மத்தபடி சுத்தம்."

"சுத்தமா? என் புழுங்க?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அது சர்க்கரைத் தண்ணிங்க. கம்பவுண்டர் அண்ணன்கிட்ட நான்தான் கலந்து குடுத்தேன். வேற எப்படி நீங்க இங்க வருவீங்க?"

தையற்காரருக்குத் தெருவே காலியானதுபோல் இருந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்போ இத்தனை நாளா என் வயித்துக்குள்ள ஓடிட்டு இருந்தது யாரு?"

"வாயுங்க."