கூட்ஸ்வண்டி மாமாவின் வார்த்தைகள்

வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது, தூக்க முடியாத நீளத்து இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் மட்டாஞ்சேரியில் ஒரே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினான். எங்கள் தெருக்காரர், மிளகு மண்டியில் டைப்பிஸ்ட். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை புறப்பட்டால், கடைசிப் பெட்டி கடக்கும்வரை நாங்கள் ரயில்வே கேட்டில் நிற்பதுபோல் நிற்க வேண்டும். அதனால் அவர் கூட்ஸ்வண்டி மாமா. சாயாக்கடையில் அவர் சாயாவைப் பாராட்டி முடிப்பதற்குள் சாயா ஆறிப்போகும்.

தொண்ணூறுகளில் ஒருதடவை ஜலதோஷத்துக்கு லீவு கேட்டார். காரணம்: "நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எந்து அசுகமாடோ?"

"எரிமலைத் தூசி நெஞ்சில அடையற வியாதி."

"மட்டாஞ்சேரியில் எவிடெயாடோ எரிமலை?"

"மிளகுத் தூசி போறாதா முதலாளி?"

லீவு கிடைத்தது. அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி மறுக்க முதலாளிக்கு மூச்சு இல்லை.

பிறகு, மகள் ராதாவைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து வந்தார்கள். மாமி முந்தின நாளே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள்: "நாளைக்கு மட்டும் சின்ன வார்த்தையாப் பேசுங்கோ." மாமாவும் பஜ்ஜி வரும்வரை "ஆமாம்", "இல்லை" என்றே தாக்குப்பிடித்தார். பையனின் அப்பா, "நாங்க சாதாரணக் குடும்பமாக்கும்" என்று அடக்கமாகச் சொல்லப்போக, அணை உடைந்தது.

"அய்யோ, உங்க குடும்பத்தை நான் ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன் பண்ணுவேனா?"

பையனின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நம்மளை என்னமோ பண்ணப் பார்க்கறார், எழுந்திருங்கோ!" அப்பா செருப்பைத் தேடினார். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒத்தாசைக்கு வந்திருந்த நான் பஜ்ஜித் தட்டோடு, பரிமாறுவதா, ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

ராதா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "துச்சமா நினைப்பேனான்னு கேக்கறார், அவ்ளோதான். அப்பாக்கு மரியாதை கூடினா வார்த்தை நீண்டுபோகும்."

பையன் வாய்விட்டுச் சிரித்தான். "எங்கே, நீங்க அதைச் சொல்லுங்கோ?"

ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்பா, செருப்பை விடுங்கோ. எனக்குச் சம்மதம்" என்றான் பையன்.

கல்யாணம் முடிந்து, ராதா புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய டாக்ஸி தெருமுனையில் நின்றது. மாமா என்ன சொல்லப்போகிறாரோ என்று தெருவே காத்திருந்தது. அவர் ஜன்னலில் கைவைத்தார். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

"சாப்டு" என்றார்.

வண்டி போய்விட்டது. தோளைப் பிடித்து அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். வழியெல்லாம் அவர் பேசவேயில்லை. கடைசியில் தாங்க முடியாமல் நான்தான் கெஞ்சினேன்: "மாமா, ஏதாவது நீளமாச் சொல்லுங்கோ."