பனிச்சிறுத்தைக்கு எந்த லென்ஸ்?

கல்யாணப் படம் எடுப்பவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அவன் படம் பிடிக்கும் ஜீவராசிகள் ஓடிப்போவதில்லை. (அபூர்வமாக ஓடிப்போனவர்கள் உண்டு. ஆனால் அது நான் மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடும்.) மாலை மாற்றும்போது லென்ஸ் சரியாக அமையவில்லையா? "சார், இன்னொரு தடவை மாலை போடுங்க" என்றால் மாப்பிள்ளை சந்தோஷமாகப் போடுவார். இந்தப் பழக்கத்தோடு ஒருவன் இமயமலைக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

மும்பை தாராவியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. ஊரே கல்யாணம் செய்து ஓய்ந்த ஒரு மாதத்தில், சிவ்ரி கடலோரச் சேற்றுக்குப் போய்ப் பூநாரைகளைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். அவ்வளவுதான், எனக்குள் ஒரு வனவிலங்கு நிபுணன் பிறந்துவிட்டான். பூநாரையும் மணமகளைப் போலத்தான், ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்கும் என்பதை அந்த நிபுணன் யோசிக்கவில்லை.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மாட்டுங்காவிலிருந்து மைதிலி மாமி கூப்பிட்டார். அவர்கள் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். மாமி பல வருடங்களாகத் தொலைக்காட்சியில் மிருகங்களை மட்டுமே பார்த்து வருபவர். பனிச்சிறுத்தையை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. முழங்கால் தேய்ந்துகொண்டே வந்தது. இந்தக் குளிர்காலத்தை விட்டால் உயரமான இடத்துக்கெல்லாம் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் பயணம். கூடவே படம் எடுக்க நான்.

லென்ஸ் முடிவு செய்ய அவர்கள் வீட்டுக்குப் போனேன். காபி வரும்வரை எல்லாம் சுமுகமாக இருந்தது.

"எனக்கு மலையெல்லாம் வேண்டாம்ப்பா முத்து," என்றார் மாமி. "அதோட மீசை தெரியணும். ஒவ்வொரு முடியும் தனித்தனியா."

மாமா ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரை மடித்து வைத்தார். "அரே, இமயமலைக்குப் போயிட்டு யாராவது மீசையைப் படம் எடுப்பாளா? மலை முழுசா வரணும். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும்."

"மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த வருஷமும் இருக்கும்."

"நான் இருக்கணுமே!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் காபியைப் பார்த்தேன். மாமாவுக்கு அகல லென்ஸ் வேண்டும். பரந்த காட்சி முழுவதும் அதில் அடங்கும், ஆனால் தூரத்துச் சிறுத்தை அதில் எறும்பாகிவிடும். மாமிக்கு டெலி லென்ஸ் வேண்டும்; எதிர்மலைச் சிறுத்தையைப் பக்கத்தில் இழுத்து வந்து உட்கார வைக்கும், ஆனால் மலை போய்விடும். இரண்டுக்கும் நடுவில், கல்யாணங்களில் எனக்குச் சோறு போட்ட லென்ஸ் ஒன்று இருந்தது. அதை மட்டும் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் நான்தான் நிபுணனாயிற்றே!

"ரெண்டும் கொண்டு வர்றேன்," என்று தீர்ப்பு சொன்னேன். அகல லென்ஸ் என்னிடம் இருந்தது. டெலியை ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன். பீரங்கியின் தம்பி மாதிரி இருந்தது.

வீட்டில் என் மனைவி செல்வி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு லென்ஸ் கொண்டு போறீய, சரி. கேமரா ஒண்ணுதானா? சட்டுனு மாத்தணும்னா என்ன செய்வீய?"

"இன்னொண்ண நம்ம ஸ்டுடியோ மாரியப்பன்ட்ட குடுத்தாச்சுளா. செம்பூர்ல கல்யாணம் இருக்குல்லா."

"கல்யாணத்துக்கு அவரு போன்லகூட எடுத்துருவாரு. சிறுத்த நிக்குமா?"

"லென்ஸ் மாத்துறதுக்கு எனக்குக் கண்ணு சிமிட்டுற நேரம் போதும்," என்றேன். மின்விசிறிக்குக் கீழே, கட்டிலில் உட்கார்ந்து, செய்தும் காட்டினேன். தாராவியில் அது உண்மையாகவே கண் சிமிட்டும் நேரம்தான்.

ஸ்பிதியில் கண்ணைச் சிமிட்டினால் இமை ஒட்டிக்கொண்டது. எங்கள் வழிகாட்டி நம்கியால் அதிகம் பேசாதவர். போன அன்றே இந்தியில் இரண்டு விஷயங்கள் மட்டும் சொன்னார். மலையில் சத்தம் போடக் கூடாது. கேமராவையும் லென்ஸையும் அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டு வரக் கூடாது. வெளியறைக் குளிரிலேயே விட்டுவிட வேண்டும்.

முதல் விஷயம் புரிந்தது. இரண்டாவது மனிதாபிமானம் இல்லாததாகத் தோன்றியது. நமக்கே இவ்வளவு குளிருதே, கண்ணாடிக்குக் குளிராதா? மூவரும் இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த சாயங்காலம், அடுப்பில் சூப் கொதித்து அறையெங்கும் ஆவி. நான் நைசாக டெலியை எடுத்து வந்து, என் குரங்குக் குல்லாயையும் அதற்கு மாட்டி, அடுப்போரமாகப் படுக்க வைத்தேன். செல்விக்குக்கூட நான் இப்படிச் செய்ததில்லை.

காலையில் வெளியே வந்து மூடியைத் திறந்தேன். குளிர்ந்த கண்ணாடி, அறையின் ஆவியையெல்லாம் குடித்திருந்தது. அந்த ஈரம் இப்போது உறைந்து, லென்ஸுக்குள்ளே பனிப்பூ பூத்திருந்தது. வெளியே இருந்தால் துடைக்கலாம். உள்ளே இருப்பதை என்ன செய்வது?

சொல்லியிருக்கலாம். ஆனால் மாமி கைத்தடியை ஊன்றி, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, மூச்சு வாங்கி, அந்தச் சரிவின் உச்சிக்கு வந்து கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வெயில் ஏறினால் உருகிவிடும் என்று சூரியன் மேல் பாரத்தைப் போட்டேன்.

"முதல்ல மாமாவுக்கு மலை எடுத்துருவோம்," என்று அகல லென்ஸை மாட்டினேன்.

"இவனுக்குத்தான் ரசனை இருக்கு," என்றார் மாமா.

கல் அடுக்கிய குட்டைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னே பனிச் சரிவு. அது முடியும் இடத்தில் செங்குத்துப் பள்ளம். அடியில் உறைந்த ஆறு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்மலை. அதில் காட்டு ஆடுகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. நம்கியால் கொஞ்சம் மேலே ஏறித் தூரக்கண்ணாடியால் தேடிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. என் ஜாக்கெட் உரசுவதே தாராவி லேத் பட்டறை மாதிரி கேட்டது. குல்லாயைக் கழுத்துக்கு இறக்கிவிட்ட டெலியை மடியில் வைத்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருந்தேன்.

மாமி என் முழங்கையை அழுத்தினார். கையிலிருந்த பைனாகுலரை இறக்கவே இல்லை.

"முத்து," என்று மூச்சு விடுவதைப்போலச் சொன்னார், "பாறை நகர்றது."

பார்த்தேன். பாறைதான். பிறகு அந்தப் பாறைக்கு வால் முளைத்தது. நீளமான, கனத்த வால். ஆடுகளுக்கு மேலே, வயிறு தரையில் பட, அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது.

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினேன். அகல லென்ஸைத் திருகினேன். வரவில்லை. விரல்கள் என்னுடையவை அல்ல, யாரோ இரவல் கொடுத்தவை. இன்னொரு திருகு. வந்தது. கேமரா வாயைத் திறந்துகொண்டு நின்றது. காற்று அதற்குள் பனித்தூளை ஊட்டியது. டெலியைப் பொருத்திக் கண்ணை வைத்தேன்.

மோர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

"கெடைச்சுதா?" மாமா கிசுகிசுத்தார்.

"வந்துட்டிருக்கு மாமா."

"மீசை தெரியறதா?" மாமி.

"நல்லா தெரியுது மாமி." (மீசை என்ன, மலையே தெரியவில்லை.)

சிறுத்தை நின்றது. பின்னங்கால்களை மடக்கியது. இனி ஒரு பாய்ச்சல்தான். எறும்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, படம் என்று ஏதாவது ஒன்று வேண்டும். டெலியைக் கழற்றி மடியில் வைத்து அகல லென்ஸை மறுபடி மாட்டினேன். அது பூட்டிக்கொண்ட 'க்ளிக்' கேட்ட அதே நொடியில் மடி லேசானது.

டெலி சுவரின் இடைவெளி வழியாகச் சரிவில் உருண்டு கொண்டிருந்தது. குரங்குக் குல்லாயோடு.

யோசிக்கவில்லை. தாவினேன். வலது கையில் கேமரா, இடது கையை நீட்டியபடி குப்புற விழுந்தேன். பனிக்கு மேல் கண்ணாடி மாதிரி ஐஸ். தலை கீழ்ப்பக்கமாக நான் வழுக்க ஆரம்பித்தேன். சரிவின் விளிம்பு என்னை நோக்கி வந்தது. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை, காற்றுதான். செல்வியின் முகம் ஞாபகம் வந்தது. அந்த முகத்தில் வருத்தத்தைவிட 'நான் அப்பவே சொன்னேம்லா' என்பதே தெரிந்தது.

திடீரென்று என் கால்கள் மேல் ஏதோ பெரும் பாரம் இறங்கியது. நின்றேன்.

மாமி என் கால்மேல் உட்கார்ந்திருந்தார். கைத்தடியைப் பனியில் குத்தி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மாமா மாமியின் ஸ்வெட்டரைப் பிடித்திருந்தார். மாமாவைப் பிடிக்க யாரும் இல்லை.

"மாமி..." என்றேன். குரல் கிரீச்சிட்டது.

"அசையாதே. நான் பாத்துண்டிருக்கேன்."

என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கண் கலங்கிவிட்டது. கழுத்தைத் திருப்பினேன். மாமியின் இன்னொரு கையில் பைனாகுலர் இருந்தது. அது எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னே டெலி, பள்ளத்தின் விளிம்பில் ஒரு பாறையில் 'டங்' என்று மோதி, முள்செடி ஒன்றில் சிக்கி நின்றது. அந்த 'டங்' பள்ளத்தாக்கெங்கும் எதிரொலித்தது. ஆடுகள் சிதறி ஓடின. சிறுத்தை தலையைத் தூக்கி நேராக எங்களைப் பார்த்தது. நான் அதன் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டேன் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பிறகு திரும்பி, அவசரமில்லாமல், பாறைகளுக்குள் பாறையாகிவிட்டது.

நம்கியால் கயிற்றோடு இறங்கி வந்து முதலில் மாமாவையும் மாமியையும், பிறகு என்னையும், கடைசியில் லென்ஸையும் மேலே சேர்த்தார். லென்ஸ் முன்வளையம் நசுங்கியதோடு பிழைத்தது. நம்கியால் அதிலிருந்து குரங்குக் குல்லாயைக் கழற்றினார், உள்ளே பூத்திருந்த பனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குல்லாயை என் தலையில் மாட்டிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"மாமி, மன்னிச்சிருங்க. மீசை எடுக்க முடியல," என்றேன்.

மாமி இன்னும் எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைப் பாத்துதுப்பா முத்து," என்றார். கன்னத்தில் வழிந்தது அங்கேயே உறைந்து நின்றது. அதைத் துடைக்கவும் இல்லை.

மாமியைப் பள்ளத்தின் விளிம்புவரை இழுத்துப்போனதற்காக மாமா மட்டும் சிம்லா வரும்வரை என்னோடு பேசவில்லை. மாட்டுங்கா வீட்டில் படங்களைக் கணினியில் போட்டுக் காட்டினேன். மலை, மலை, மலை. பிறகு நான் எடுத்ததாகவே எனக்குத் தெரியாத ஒரு படம் வந்தது. குப்புறக் கிடந்தபோது, அந்த 'டங்' சத்தத்தில் விரல் தானாக அழுத்தியிருக்கிறது. கீழே விறைத்த விரல்களோடு என் கை. நடுவில் குல்லாய் போட்ட லென்ஸ் முள்செடியில் சிக்கியிருந்தது. மேலே எதிர்மலை முழுவதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஓடும் ஆடுகள், அவற்றுக்கு மேல், எறும்பளவில், எங்களையே பார்க்கும் சிறுத்தை. நான் விழுந்த வாக்கில் எடுத்ததால் மலை மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கணினியில நிமித்திடலாம் மாமா. ஓரம் மட்டும் கொஞ்சம் வெட்டணும்," என்றேன்.

"எந்த ஓரம்?"

காட்டினேன். சிறுத்தை இருந்த ஓரம்.

"ஒண்ணையும் வெட்டப்படாது!" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் பயண விவகாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மாமாவே வழி கண்டுபிடித்தார். சட்டத்தைச் சாய்த்து மாட்டினால் மலை நேராகிவிடும்! கூடத்தில் சோபாவுக்கு மேலே அப்படித்தான் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், சிலிண்டர் கொண்டுவருபவர் முதல் புதுச் சம்பந்தி வரை, அதை நேராக்கக் கை நீட்டுவார்கள். உடனே உள்ளேயிருந்து "தொடாதேங்கோ!" என்று குரல் வரும். தொடர்ந்து மாமி வருவார். என் கால்மேல் உட்கார்ந்த கதை ஆரம்பமாகும். சொல்லச் சொல்ல அதில் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது. நான் குண்டாகிக்கொண்டே போகிறேன்.

போன மாதம் பேரன் பிறந்தநாள் ஆல்பத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. சும்மா நின்றேன். சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் புகைப்படக்காரன் கை சும்மா இருக்குமா? நீட்டிவிட்டேன்.

"முத்து!" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நீயுமா?"