அஞ்சலிப் பாட்டும் அளவு நோட்டும்

சாகிறதுக்குள் ஒரு தடவையாவது வின்ஸ் ஹாலரனை வீடு அதிரக் கேட்டுவிடுவது என்று போன ஆனி மாதம் முடிவெடுத்தேன். எடுத்த நேரத்தில் என் மனைவி சந்தனமாரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருக்கும்போது நான் முடிவெடுக்கிற வழக்கம் இல்லை. என்ன முடிவு எடுத்திருக்கிறோம் என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

வின்ஸ் ஹாலரன் ஒரு ராக் பாடகர். எழுபதுகளில் உலகத்தைக் கலக்கிய வெள்ளைக்காரர். அந்தக் கலக்கல் கோவில்பட்டிக்கு என் ஒருவனுக்காக மட்டும் வந்தது. எண்பத்தாறில் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்த தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் படிப்பை விட்டுப் போகும்போது நான்கு கேசட்டுகளை என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனான். அன்று முதல் நான் ஹாலரன் ஆள். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன் இங்கிலீஷ் ராக் கேட்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். மூன்றாவது வாரம், புதுப்பெண்ணுக்கு என் ரசனை தெரியட்டும் என்று கேசட்டைப் போட்டேன். ஹாலரன் எடுத்த எடுப்பில் ஒரு கத்துக் கத்துவார். அதுதான் அவர் விசேஷமே. அடுப்படியிலிருந்து சந்தனமாரி கரண்டியும் கையுமாக ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்றாள். பாட்டுத்தான், பாடுகிறவர் பேர் ஹாலரன் என்றேன்.

"அலறனா? சரியாத்தான் பேரு வச்சிருக்காவ" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். இரண்டு நிமிஷம் பக்கத்தில் உட்காரவைத்து, கேட்டுப் பார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இதெல்லாம் உனக்குப் புரியாதுட்டி" என்று சொல்லிவிட்டு, மறுவாரமே மதுரைக்குப் போய் ஒரு ஹெட்போன் வாங்கி வந்தேன். குடும்பத்துக்கு நான் ஹெட் என்கிற பதவி போன நாளும் அதுதான். தினமும் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை ஒருத்தன் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த வீட்டில் முடிவுகளை வேறு யார் எடுப்பார்கள்?

இப்படியே முப்பத்திரண்டு வருஷம். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் செல்போன் வந்தது. சந்தனமாரி முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தாள். எங்கள் மகள் சுதாராணி படித்து வேலைக்குப் போய் பெங்களூரில் குடியேறினாள். நான் ஹெட்போனுக்குள் இருந்தேன்.

போன மார்கழியில் ஹாலரன் செத்துப்போனார். பேப்பரில் நாலு வரிச் செய்தி. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று சந்தனமாரி கேட்டாள். ஒரு வெள்ளைக்காரப் பாடகனுக்காகத் துக்கம் என்று எப்படிச் சொல்ல? காய்ச்சல் என்றேன். மாத்திரை கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

ஆனியில் சுதாராணி போனில் கூப்பிட்டாள். பெரிய பெரிய பாடகர்களாகப் பதினாலு பேர், ஆளுக்கு ஒரு ஹாலரன் பாட்டைப் பாடி அஞ்சலியாக ஒரு ஆல்பம் கொண்டுவந்திருக்கிறார்கள், அனுப்பியிருக்கிறேன், கேளுங்கள் என்றாள். பதினாலு பேர் கூடிச் செய்கிற மரியாதையை இரண்டு காதுக்குள் அடைப்பது நியாயமா? மைக்செட் கடை இசக்கிதுரையிடம் போய், கோயில் கொடை விழாவுக்கு வைக்கிற ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்று ஒரு நாளைக்கு வேண்டும் என்றேன். "வீட்ல என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்று கேட்டான். துக்கம் என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

சந்தனமாரியை வெளியே அனுப்புவதுதான் மிச்சம். அவள் தங்கை வேலுத்தாய் விளாத்திகுளத்தில் இருக்கிறாள். வேலுத்தாய்க்கு நானே போன் போட்டு, அக்காவுக்கு இங்கே ஓயாத தையல் வேலை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஒருநாள் வைத்துக்கொள், நான் சொன்னதாக மட்டும் சொல்லாதே என்றேன். அத்தானுக்கு அக்கா மேல் இவ்வளவு பாசமா என்று வேலுத்தாய் நெகிழ்ந்துபோனாள். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அழைப்பு வந்தது. முட்டுவலி, என்னால் வர முடியாது என்றேன். சந்தனமாரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சோறு குழம்பு வைத்து, முட்டுக்குத் தைலம் எடுத்து வைத்து, ஒன்பது மணிக்கு ஆட்டோ ஏறினாள். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகும் நான் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தேன். தொழில் சுத்தம்.

பத்து மணிக்கு பாக்ஸ் வந்து இறங்கியது. பீரோ உயரம் இருந்தது. போனை அதில் சேர்த்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டைப் பாடியவர் ஹாலரனின் கத்தலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெருமூச்சு விட்டார். இரண்டாவது பாட்டில் நாலு பையன்கள் தகரத்தைத் தட்டினார்கள். மூன்றாவதில் கிடாருக்குப் பதில் வயலின். எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்கு நல்ல சட்டை போட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என் ஹாலரன் அதில் எங்கேயும் இல்லை.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "பாத்தியா, இந்த இடத்தில் அவர் எப்படி எடுப்பார், இவன் எப்படிக் கெடுத்துவைத்திருக்கிறான்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். திரும்பிப் பார்த்தேன். தையல் மிஷின் இருந்தது. வீட்டைக் காலி பண்ண நான் போட்ட திட்டம் பூரணமாக வெற்றி பெற்றிருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் ஒரு பாட்டைப் பற்றி நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேறு வழியில்லாமல் காம்பவுண்டு சுவர் ஓரம் போய்ப் பக்கத்து வீட்டு ஷம்சுல் ஆலமைக் கூப்பிட்டேன். பஜாரில் கட்பீஸ் துணிக்கடை வைத்திருக்கிறவர். ஞாயிறு கடை கிடையாது. கூப்பிட்ட வேகத்தில் வந்துவிட்டார். ஒரு பாட்டு முழுக்கத் தலையாட்டிக் கேட்டார். பிறகு, பாக்ஸைக் கொஞ்சம் எங்கள் வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கலாமே என்றார். அடுத்த பாட்டில், சத்தம் இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாக இப்படி ஒரு ரசிகரைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, கறிவேப்பிலை மட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேனே.

ஆறாவது பாட்டு வந்தது. ஹாலரனின் பாட்டுகளிலேயே எனக்கு உயிரான பாட்டு. அது ஒரு போர்ப் பாட்டு. களைத்து வருகிற போர்வீரனை, சோல்ஜர், வா, வந்து சாய்ந்துகொள் என்று கூப்பிடுவார். டிரம்மும் கிடாரும் குண்டு மாதிரி வெடிக்கும். முப்பத்தொன்பது வருஷமாக அதைக் கேட்கும்போதெல்லாம் நான் ஏதோ ஒரு எல்லையில் துப்பாக்கியோடு நின்றிருக்கிறேன். இந்த ஆல்பத்தில் அதை ஒரு பெண்மணி பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடினார். வார்த்தை ஒவ்வொன்றும் கழுவி வைத்த மாதிரி தெளிவாகக் கேட்டது. அந்த இடம் வந்தது. பெண்மணி சோல்ஜர் என்று பாடவில்லை. ஷோல்டர் என்று பாடினார்.

பாட்டை நிறுத்தினேன். செத்தவர் பாட்டில் வார்த்தையை மாற்றுகிறார்களே, கேட்க ஆள் இல்லையா என்று ஷம்சுல் ஆலமிடம் பொங்கினேன். அவர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"அவன் பாடுனதும் ஷோல்டர்தான்" என்றது ஒரு குரல்.

வாசலில் சந்தனமாரி நின்றாள். கையில் அரைக்கூடை சின்ன வெங்காயம், உரித்தது. கூட ஷம்சுல் ஆலமின் மனைவி தௌலத் பேகம். விளாத்திகுளம் போகலையா என்றேன். வேலுத்தாயிடம் பேசிவிட்டு நான் போனை வைத்த அடுத்த நிமிஷமே அவள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஆட்டோ தெருமுனை திரும்பி, பின்தெரு வழியாகப் பக்கத்து வீட்டுக்கே வந்திருக்கிறது. காலையிலிருந்து இரண்டு பெண்களும் சுவர் ஓரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். பாக்ஸைத் திருப்பச் சொன்னது யார், சத்தத்தைக் கூட்டச் சொன்னது யார் என்று நான் விசாரிக்கவில்லை. ஷம்சுல் ஆலம் கும்பிடு போட்டுவிட்டு, தௌலத் பேகத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஷோல்டர் என்று உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் டெய்லருல்லா. நாளைக்குப் பத்து ஷோல்டர் அளக்குதேன். அந்த வார்த்தை எனக்குத் தெரியாதா?"

மிஷின் மேசையைத் திறந்து, ஜாக்கெட் அளவு எழுதுகிற பழைய நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். உயரம் பதினாலரை, கை ஒன்பது, ஷோல்டர் பதிமூன்று. அடுத்த பக்கத்தில், ஹாலரன் பாட்டு முழுசாகத் தமிழ் எழுத்தில். சுதாராணி எட்டாவது படிக்கும்போது எழுதியது. வரிக்கு வரி கீழே அர்த்தம். நோட்டு முழுக்க ஒரு பக்கம் தெருப் பெண்கள், ஒரு பக்கம் ஹாலரன்.

"நீங்க காலைல பிரஸ்ஸுக்குப் போன பொறவு, பதினொண்ணுல இருந்து ஒண்ணு வரைக்கும் போடுவேன். மொதல்ல, அப்படி என்னதான் எனக்குப் புரியாதுன்னு பாக்கத்தான் போட்டேன். பொறவு பிடிச்சிட்டு. அவன் டிரம்முக்கு மிஷின் நல்லா ஓடும். கேசட் இருந்த காலத்துல, முடிஞ்சதும் நீங்க நிறுத்துன இடத்துக்கே சுத்தி வச்சிருவேன். இப்ப என் போன்லயே இருக்கு."

எங்கள் தெரு ஜாக்கெட்டெல்லாம் முப்பது வருஷமாக ராக் தாளத்தில் தைத்தவை. எனக்குத்தான் தெரியாது. அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொண்டாட்டிட்ட மன்னிப்புக் கேக்கான். ரொம்ப வருசம் உன்னைக் கவனிக்காம இருந்துட்டேன், வந்து என் தோள்ல சாஞ்சுக்கோங்கான். இதுக்குத்தான் நீங்க கண்ணை மூடிட்டு, துப்பாக்கி பிடிக்குத மாதிரி கையை வச்சுட்டு இருப்பிய. நானும் சுதாவும் வாயைப் பொத்திக்கிடுவோம்."

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கூப்பிடலியே. கூப்பிட்டா வந்து உக்காந்திருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால்காரன் வரவில்லை என்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு, "அவன் செத்த அன்னைக்கு நான் மிஷினைத் தொடவே இல்ல. நீங்க காய்ச்சல்னு சொன்னிய. சரின்னு மாத்திரையைக் குடுத்தேன்" என்றாள்.

ஒரே வீட்டில் ஒரே ஆளுக்காக இரண்டு பேர் தனித்தனியாகத் துக்கம் அனுசரித்திருக்கிறோம். நடுவில் ஒரு மாத்திரை.

மிச்ச எட்டுப் பாட்டையும் சேர்ந்தே கேட்டோம். ஒன்பதாவது பாட்டில், நடுவில் ஹாலரன் ஒரு மூச்சு எடுப்பான், அதை இந்த ஆள் விட்டுவிட்டான் என்றாள். அந்த மூச்சை உலகத்தில் நான் ஒருத்தன்தான் கவனித்திருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பன்னிரண்டாவதில் மட்டும், பரவாயில்லை, இவன் உள்ளதைப் பாடுகிறான் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கேட்டு முடித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது, எத்தனை சாயங்காலம் இப்படிப் போயிருக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அந்த வேகத்தில்தான் சொன்னேன். ஆவணியோடு எனக்குப் பிரஸ்ஸில் ஓய்வு. இனிமேல் ஹெட்போனே வேண்டாம். தினமும் பதினொன்றிலிருந்து ஒன்று வரை நானும் உன்னோடு உட்கார்ந்து கேட்கிறேன், விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

சந்தனமாரி தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"ஞாயித்துக்கெழமை சேர்ந்து கேப்போம். மத்த நாள் எனக்குத் தனியாக் கேட்டுப் பழகிப்போச்சு. பக்கத்துல ஆள் இருந்தா தையல் கோணும்" என்றாள்.

மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மறுநாள் வேலை முடிந்து வருகிற வழியில் ஷம்சுல் ஆலம் கடைக்குப் போனேன். ஆவணிக்கப்புறம், பதினொன்றிலிருந்து ஒன்று வரை மட்டும் கடையில் உட்கார ஆள் தேவைப்படுமா, துணி கிழித்துக் கொடுப்பேன், சும்மாகூட இருப்பேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அந்த எடத்துக்கு ஆள் பேசி முடிச்சு மூணு மாசமாச்சு, அண்ணாச்சி" என்றார்.

யார் என்று கேட்டேன்.

"நீங்கதான். ஒங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போனாவ."