எல்லாரும் பாஸாகும் பள்ளிக்கூடம் பற்றி சம்பந்திக்கு

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

திருச்சியில் வாசம் செய்யும் மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, சுந்தரராமன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் சரீர அளவில் எல்லோரும் சௌக்கியம். மனசளவில் நான் ஒருவன் மட்டும் சௌக்கியமில்லை. தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்குமென்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தபாலில் எழுதக் காரணம், என் போனை என் பெண் சாருலதா அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறாள். கேட்டால் "சார்ஜ் இருக்கான்னு பார்த்தேன்பா" என்கிறாள். நான் நம்பவில்லை.

விஷயம் நம் பேத்தி அனன்யாவைப் பற்றியது. என் பெண்ணும் தங்கள் புத்திரன் சாய்நாத்தும் கலந்து பேசி, குழந்தையை அந்தப் பெரிய பள்ளியிலிருந்து எடுத்து, பெசன்ட் நகர் பக்கம் ஒரு சின்ன மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்திருப்பது தாங்கள் அறிந்ததே. ஏதோ மாற்று முறைக் கல்வியாம். வகுப்பில் பாதிப் பேர் ஊரூர் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மீதியில் வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், வீட்டு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், ஒரு புரொபசர் பையன், நடுவில் நம் அனன்யா. புரொபசர் தன் பிள்ளையை அங்கே விட்டிருக்கிறார் என்றால் ஏதோ ஆராய்ச்சி நடக்கிறது என்றுதானே அர்த்தம்? இதில் என் தூக்கத்தைக் கெடுத்தது என்னவென்றால், போன வருஷம் பத்தாவதில் அத்தனை பேரும் பாஸ். தணிக்கைத் துறையில் காலம் தள்ளியவன் நான். ஒரு பள்ளிக்கூடம் என்றால் நாலு பேர் தோற்க வேண்டும், அதுதான் ஒழுங்கு. ஒருத்தரும் தோற்கலைன்னா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். அதே சமயம் நம் குழந்தையோ, பழைய பள்ளியில் தொண்ணூற்றெட்டுக்குக் குறைஞ்சதில்லை, இங்கே அறுபத்தொண்ணு. அங்கே பரீட்சைக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், அவ்வளவு சிரத்தை. இங்கே பாட்டுப் பாடிண்டு கிளம்பறா. நம்ம குழந்தையோட மார்க்கை எடுத்து வேற யாருக்கோ போட்டுடறான்னு எனக்குத் தோணித்து.

ஆகவே போன வெள்ளிக்கிழமை, மாதப் பரீட்சை நடக்கும்போது, கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று, என் சம்சாரம் சூடாமணியிடம் தி. நகரில் வேஷ்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அந்தப் பள்ளியின் பின்பக்கச் சுவரோரம் ஒரு கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்தார்கள். திரும்பினால் மீன் கூடையோடு ஒரு அம்மாள். "இன்னா பெர்சு, பசங்கள நோட்டம் உட்டுகினு கீற? யார் நீ?" என்றாள். "என் பேத்தி இங்கே படிக்கிறாள்" என்றேன். "பேத்தி படிச்சா கேட்டாண்ட போ. எதுக்குக் கல்லு மேல ஏறிகினு கீற?" என்றாள். சம்பந்தி, இதற்குத் தாங்களாவது பதில் சொல்ல முடியுமா? புள்ள புடிக்கிறவன் என்று தீர்மானித்து, காலரை விடாமல் ஹெட்மிஸ்ட்ரஸ் ருக்சார் என்பவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். நான் ஆட்சேபித்தபோது, "புள்ளைங்கள நம்பி உட்டுட்டுப் போறோம். நாங்க பாத்துக்க வேணாவா?" என்றாள். புஷ்பம் என்று பெயராம். அவள் பெண் தாரணியும் அதே ஏழாம் வகுப்பு. அனன்யாவைக் கூப்பிட்டு "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்கள். குழந்தை என் கசங்கின காலரைப் பார்த்தது, புஷ்பத்தைப் பார்த்தது, "தெரியும் மிஸ்" என்று சொல்ல அது எடுத்துண்ட நேரம் இருக்கே, அதை நான் மறக்க மாட்டேன்.

மார்க் விஷயத்தைச் சொன்னதற்கு ருக்சார் சிரிக்கவில்லை, அதுவே எனக்கு சந்தேகம். பரீட்சை முடிந்ததும் என்னை வகுப்புக்கே கூட்டிப்போய், "சந்தேகம்னா நீங்களே ஒரு கணக்குக் கேளுங்க சார்" என்றார். நானும் விடவில்லை. ஒரு குழாய் தொட்டியை மூணு மணி நேரத்தில் நிரப்பும், அடியில் இருக்கும் குழாய் ஆறு மணி நேரத்தில் காலி செய்யும், ரெண்டையும் சேர்த்துத் திறந்தால் எப்போது நிரம்பும் என்றேன். அந்த தாரணி எழுந்து, "சார், மொதல்ல கீழ் கொழாய மூடுங்க சார்" என்றாள். வகுப்பே ஆமாம் ஆமாம் என்றது. மூட முடியாது என்றேன். "ஏன் சார், ரிப்பேரா?" கணக்கு அப்படித்தான் என்று அதட்டினேன். கொஞ்சம் யோசித்து, "அப்ப ஆறு மணி நேரம். ஆனா தண்ணி வேஸ்ட் சார்" என்றாள். விடை சரி! கேள்வி என் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது, எப்படி வெளியே போயிற்று? எனக்குத் தூக்கத்தில் பேசுகிற வழக்கம் உண்டு, ஆகையால் சூடாமணி மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். அதற்குள் நம் அனன்யா கையைத் தூக்கி, அத்தனை பேர் முன்னாலும், "எனக்குப் புரியலை" என்றாள். நம்ம ரெண்டு குடும்பத்துலயும் யாராவது நாலு பேர் நடுவுல புரியலைன்னு சொல்லியிருக்கோமா? ஒருத்தரும் சிரிக்கவில்லை. தாரணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் சாக்பீஸால் தொட்டி வரைந்து ஏதோ குசுகுசு என்றாள். "அட, அவ்வளவுதானா!" என்று அனன்யா கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். பரஸ்பரம் சொல்லிக்கொடுத்துக்கறா, அதைக் கண்டிக்கவும் ஆளில்லை. மணி அடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில்.

ஆகையால் சம்பந்தி அவர்கள், சொன்னால் கேட்கிற பிள்ளை சாய்நாத் என்பதால், உடனே போன் செய்து குழந்தையைப் பழைய பள்ளிக்கே மாற்றச் சொல்லிக் கண்டிப்புடன் உத்தரவிட வேண்டும். நான் அங்கே ஒரு இடத்துக்குச் சொல்லியும் வைத்திருக்கிறேன். கற்பகாம்பாள் கிருபையால் தங்கள் இல்லத்தில் சகலமும் நல்லபடியாக நடக்கட்டும், குறிப்பாக இந்தக் காரியம்.

இப்படிக்கு,
தங்கள் சௌக்கியத்தை விரும்பும்,
சுந்தரராமன்.

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது பழைய பள்ளியிலிருந்து போன். "சீட் இருக்கு சார், டெஸ்ட் எல்லாம் வேண்டாம், நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். அதே சீட்டுக்காக சாய்நாத் விடிவதற்கு முன்னாலிருந்து வரிசையில் நின்றது தங்களுக்கு நினைவிருக்கும். இப்போது எப்படிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்? யார் விட்டுட்டுப் போனா? ஏன் போனா? அவாளுக்கு என்ன தெரிஞ்சிருக்கு? எனக்குச் சரியாகப் படவில்லை. மேலே எழுதியதெல்லாம் ரத்து. குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சாய்நாத்திடம் மூச்சு விட வேண்டாம், சந்தோஷப்பட்டுவிடுவார்.